டோக்கன் முடிஞ்சி போச்சி

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அம்மா ஒருவர் இருக்கிறார். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து வந்து ராயபுரத்துத் தெருக்களில் விற்பவர். இருபது வருடப் பழக்கம். என்னை "பாண்டிச்சேரி சாரு" என்பார். நான் காரைக்கால்காரன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், அவர் மாற்றிக்கொள்வதாக இல்லை.

போன மார்கழியில் பத்து நாள் ஆளைக் காணவில்லை. பிறகு அவர் மகள் வந்து சொன்னாள். ஸ்டான்லியில் சேர்த்திருக்கிறார்களாம், இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்களாம். சர்க்கரை. ஏதோ மீன் முள் குத்தி, புண் ஆறாமல் உள்ளே போய்விட்டது. இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் பாதமே போயிருக்கும் என்று அங்கே டாக்டர் சொன்னாராம்.

இதைக் கேட்டால் நம்மவர்கள் உடனே சொல்வது, "இவங்களுக்கெல்லாம் உடம்பு மேல அக்கறையே கிடையாது சார்." நானும் அப்படித்தான் நினைத்தேன். விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மா பக்கத்திலுள்ள ஒரு தனியார் கிளினிக்குக்கு மூன்று தடவை போயிருக்கிறார். முதல் நாள் சாயங்காலம் போனபோது, வாசலில் இருந்த பெண் "டோக்கன் முடிஞ்சி போச்சிம்மா, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாட்ஸ்அப்ல பேரு அனுப்பு" என்றிருக்கிறாள். இவரிடம் இருப்பது பட்டன் போன். அதுவுமில்லாமல் காலை ஏழு மணி என்பது கூடை நிறைய மீனோடு தெருத் தெருவாகப் போகிற நேரம். இரண்டாம் நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு ஏழு மணிக்கு நேரிலேயே போய் நின்றிருக்கிறார். கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஆள் இல்லை, ஆனால் அன்றைய டோக்கன்கள் அத்தனையும் போனிலேயே போய்விட்டன. மூன்றாம் தடவை மகள் எப்படியோ பதிந்து கொடுத்தாள். நாற்பத்திரண்டாம் எண். முப்பத்தாறோடு டாக்டர் கிளம்பிவிட்டார். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார், வேறென்ன செய்வார்.

அந்த மூன்று நாளும் டாக்டருக்குக் கொடுக்க இருநூறு ரூபாய் அவர் சுருக்குப் பையில் இருந்தது. காசில்லாமல் வைத்தியம் கிடைக்கவில்லை என்றால் நமக்குப் புரிகிறது, பரிதாபப்படவும் தெரிகிறது. காசை முடிந்துகொண்டு போனவருக்கும் கதவு திறக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

வடசென்னையில் டாக்டர் என்று பேச்செடுத்தால் எல்லோரும் ஐந்து ரூபாய் டாக்டரைத்தான் சொல்வார்கள். பழைய வண்ணாரப்பேட்டை ஜெயச்சந்திரன், எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு ரூபாயில் ஆரம்பித்தவர், கடைசி வரை ஐந்துக்கு மேல் போகவில்லை. 2018 டிசம்பரில் அவர் காலமானபோது வடசென்னையே திரண்டது. வியாசர்பாடியில் திருவேங்கடம் வீரராகவன், ஸ்டான்லியில் படித்தவர், 1973 இல் அவரும் இரண்டு ரூபாயில்தான் தொடங்கினார், அவரும் ஐந்தோடு நின்றுகொண்டார். 2020 ஆகஸ்ட் 15 அன்று போய்விட்டார். 2017 இல் வந்த 'மெர்சல்' படத்தில் விஜய் ஐந்து ரூபாய் டாக்டராக வந்த பிறகு சின்னப் பையன்களுக்கும் இந்தக் கதை தெரியும்.

ஆனால் அந்த ஐந்து ரூபாயையே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இருவரிடமும் காட்டிக்கொண்டவர்கள் என்னிடம் எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். பேரைப் பதிந்துவிட்டு வா என்று சொன்னதாக ஒருவரும் சொன்னதில்லை. போனால் உட்காரலாம், உட்கார்ந்தால் பார்ப்பார். அன்றாடங்காய்ச்சிக்கு அதுவும் ஐந்து ரூபாய் அளவுக்குப் பெரிய விஷயம்.

நான் 1973 இல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்து ராயபுரம் வந்தேன். கல்மண்டபம் பக்கத்தில் அப்போது ஒரு டாக்டர் இருந்தார். ஒரு நீள பெஞ்சு, உள்ளே கம்பவுண்டர், காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி அளவு ஒட்டிய மிக்சர் பாட்டில். டோக்கன் கிடையாது. உள்ளே நுழைகிறவர் "கடைசி யாரு?" என்று கேட்பார், ஒருவர் கையைத் தூக்குவார், அவருக்கு அடுத்தது இவர். அவ்வளவுதான் நிர்வாகம். காரைக்காலில் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் தண்ணீர்க் குழாயடியில் பிரம்போடு நின்று "ஷாக்கன் சோன் தூர்!" என்பார். அவரவர் முறைக்கு அவரவர் என்று அர்த்தம். அந்த பெஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். ஆனால் பெஞ்சுக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. கம்பவுண்டர் அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். ஜன்னி கண்ட குழந்தையோ, மூச்சு வாங்கும் கிழவரோ இருந்தால் "நீ உள்ள வாம்மா" என்று முன்னால் கூப்பிட்டுவிடுவார். பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவரும் முணுமுணுத்தது கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் முகமும் காலும் கண்ணுக்குத் தெரியும். நாற்பத்திரண்டு என்ற எண்ணுக்குக் கால் கிடையாது, அது வீங்கியிருப்பதும் தெரியாது.

நம் பேட்டைக்கு இது மிகவும் பொருந்தும். எண்ணூரிலும் கத்திவாக்கத்திலும் மூச்சிரைப்பு காலை ஏழு மணிக்குச் சொல்லிவிட்டு வருவதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பத்துச் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்களே, மறந்திருக்க மாட்டீர்கள்.

போன் டோக்கனே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கே அதனால் லாபம்தான். பெங்களூரிலிருந்து என் மகள் பதிந்துவிடுவாள், என் எண் நெருங்கும்போது நான் பொடிநடையாகப் போவேன். கொரோனா சமயத்தில் இருமுகிறவர்களுக்கு நடுவே உட்காராமல் தப்பித்ததும் இதனால்தான். டாக்டரையும் குறை சொல்ல மனமில்லை, ஒரு ஆள் சாயங்காலம் மூன்று மணி நேரத்தில் எத்தனை பேரைப் பார்ப்பார்? வாசலில் இருக்கும் பெண்ணுக்கு என்ன சம்பளம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவன். நாலு மணிக்கு மேல் வந்தவரிடம் "நாளைக்கு வாங்க" என்று நிமிர்ந்து பார்க்காமலே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒருமுறை சின்னமேடு போல எங்கோ தூரத்துக் குப்பத்திலிருந்து வந்த கிழவர், "நாளைக்கும் பஸ்ஸுக்குக் கடன் வாங்கணும் சாமி" என்றார். அன்றைக்கும் நான் நிமிரவில்லை. இப்போது எழுதும்போதுதான் அவர் குரல் கேட்கிறது.

என்னோடு காரைக்காலில் படித்த நண்பன் ஒருவன் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறான். அங்கே ஆளுக்கொரு டாக்டரைத் தன் டாக்டர் என்று பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அரசாங்கம் திருப்பித் தரும் பணம் குறையும். 2024 டிசம்பரிலிருந்து டாக்டர் ஃபீஸ் 30 யூரோ, அதில் பெரும் பகுதி திரும்பக் கிடைத்துவிடும். ஆக, பணம் பிரச்சினையே இல்லை. அவனுடைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், புது ஆளைச் சேர்த்துக்கொள்ள மற்றவர்கள் மாட்டேன் என்கிறார்கள். எல்லாம் தொக்தோலிப் என்ற செயலியில்தான், திறந்தால் மூன்று வாரம் கழித்துத் தேதி காட்டுகிறதாம். மருத்துவப் பாலைவனம் என்று அந்த ஊர்ப் பத்திரிகைகள் எழுதுகின்றன. "எழுபத்தைந்து வயசுல போனைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கேன்டா" என்று சிரிக்கிறான். இங்கே மீன்கார அம்மாவுக்கும் அங்கே என் நண்பனுக்கும் ஒரே வியாதி!

நம் ஊரில் மாற்று இல்லாமல் இல்லை. ஸ்டான்லி இருக்கிறது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் சொல்வார்கள், 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது. யாரையும் திருப்பி அனுப்பாத இடம். ஆனால் அங்கே ஓ.பி. சீட்டு காலையில்தான், அப்படியென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். இதற்காகத்தான் நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தார்கள். 2023 ஜூன் 6 அன்று ஒரே நாளில் 500 மையங்கள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. அந்த மாலை நான்கு மணி நேரம்தான் முக்கியம், வேலை முடிந்து வருகிறவனுக்கு ஏற்ற நேரம். டாக்டர், நர்ஸ் எல்லாம் உண்டு, காசு கிடையாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

அந்த அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்த நானும் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால், நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு அந்த மையம் ஏழைகள் போகிற இடம், நமக்கில்லை என்ற எண்ணம். நாம் நாலு பேர் அங்கே போய் வரிசையில் உட்கார்ந்தால், மருந்து தீர்ந்துவிட்டால் கேள்வி கேட்போம், டாக்டர் வராவிட்டால் மனு எழுதுவோம். மனு எழுத நமக்குச் சொல்லியா தர வேண்டும்?

கிளினிக் டாக்டரிடமும் பேசினேன் (என் மகள் போட்ட டோக்கனில்தான் போனேன்). மூன்று விஷயம் கேட்டேன். பாதி டோக்கனை நேரில் வருகிறவர்களுக்கு வையுங்கள். அதை சாயங்காலம் கொடுங்கள். டோக்கன் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் "உடம்புக்கு என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது நியாயம்தான் சார், பார்க்கிறேன்" என்றார். பத்து நாளில் வாசலில் ஒரு அட்டை தொங்கியது. நேரில் வருபவர்களுக்குப் பத்து டோக்கன், காலை 7 மணிக்கு வழங்கப்படும்.

ஏழு மணி! மீன் கூடை இறங்காத நேரம், ஷிப்ட்டுக்கு ஓடுகிற நேரம். அடுத்த வாரம் என் பிரஷருக்குப் போகும்போது அந்த ஏழைப் பற்றித் திரும்பவும் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா தை முடிந்து திரும்ப வந்துவிட்டார். தெருத் தெருவாகச் சுற்ற முடியவில்லை, முனையில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து விற்கிறார். கட்டு மாற்ற சாயங்காலம் நலவாழ்வு மையத்துக்குப் போகிறார். முதல் நாள் நான் கூடப் போனேன். நர்ஸ் பெண் நோட்டில் பேரை எழுதும் முன்பு குனிந்து அவர் காலைப் பார்த்தாள்.