மரப்பூசிக்கு முந்திய இரண்டு நிமிடங்கள்

மணிக்கட்டில் கண்ணாடி வெட்டு. ரத்தம் நின்றுவிட்டது, காயம் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. பணியில் இருப்பவர் லிக்னோகெய்ன் போட்டு, காயத்தைக் கழுவி, நான்கு தையல் போட்டு, டெட்டனஸ் ஊசியும் எழுதி அனுப்பிவிடுகிறார். "விரல் மரத்த மாதிரியே இருக்கு சார்" என்று நோயாளி சொன்னால், ஊசி போட்டதால்தான், சாயங்காலம் சரியாகிவிடும் என்று பதில் வருகிறது. மூன்று மாதம் கழித்து, கட்டைவிரல் மேடு வற்றி, சட்டைப் பொத்தான் போட முடியாத கையோடு அவர் வேறொரு மருத்துவமனைக்கு வருகிறார். மீடியன் நரம்பு அன்றைக்கே அறுந்திருந்தது.

இந்தக் கதையை நம் வாசகர்களில் பலர் ஏதோ ஒரு முனையிலிருந்து பார்த்திருப்பீர்கள். தைத்தவருக்குக் கைத்திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சோதிக்க வேண்டிய நேரம் கைநழுவிப் போனது, அவ்வளவுதான். மரப்பூசி உள்ளே போன பிறகு உணர்ச்சியைச் சோதித்துப் பயனில்லை. மேற்கையிலும் கையிலும் காயத்தோடு வரும் ஒவ்வொருவரையும் ஊசிக்கு முன்பே சோதித்து, கண்டதை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது இந்த இதழின் நிலைப்பாடு.

உணர்ச்சிக்கு மூன்று இடம் போதும். சுட்டுவிரல் நுனி மீடியனுக்கு, சுண்டுவிரல் நுனி அல்நாருக்கு, புறங்கையில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதை ரேடியலுக்கு. "தெரியுதா?" என்று கேட்டால் பாதிப் பேர் "தெரியுது" என்றுதான் சொல்வார்கள். "அந்தக் கையில தெரியற மாதிரியே இதுலயும் தெரியுதா?" என்று கேளுங்கள்; பதில் மாறும்.

அசைவில்தான் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. "கையை மூடுங்க, திறங்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டு நரம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறோம். விரல்களை மடக்கும் நீண்ட தசைகளுக்கான கிளைகள் முன்கையிலேயே பிரிந்துவிடுகின்றன. ஆகவே மணிக்கட்டில் மீடியனும் அல்நாரும் இரண்டுமே அறுந்திருந்தாலும், தசைநாண்கள் தப்பியிருந்தால் நோயாளி முஷ்டி பிடித்துக் காட்டுவார். மீடியனுக்கு உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கி நிமிர்த்தச் சொல்லி, அந்த மேட்டுத் தசை இறுகுகிறதா என்று உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள். அல்நாருக்கு உள்ளங்கையை மேசையில் படிய வைத்து, நடுவிரலை மட்டும் இரு பக்கமும் அசைக்கச் சொல்லுங்கள். கை மேசையை விட்டு எழும்பினால், விரல் நீட்டும் தசைகள் உதவிக்கு வந்துவிட்டன என்று பொருள்.

ரேடியலில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. மணிக்கட்டு தொங்கிப்போன கையைத் தாங்கிப் பிடித்து விரலை நீட்டச் சொன்னால், நுனி மூட்டுகள் நிமிரும்! அதைச் செய்வது அல்நாரின் கீழ் இயங்கும் உள்ளங்கைச் சிறுதசைகள். பார்க்க வேண்டியது விரல் அடி மூட்டு நீள்கிறதா என்பது. 1915இல் பிரான்சின் ஜூல் ஃப்ரோமான் கவனித்ததும் இத்தகைய ஈடுகட்டலைத்தான்: அல்நார் செத்த கை செய்தித்தாளைக் கிள்ளிப் பிடிக்கும்போது கட்டைவிரல் நுனி மடங்கிவிடுகிறது.

குழந்தைகளிடமும் மயக்கத்தில் இருப்பவர்களிடமும் வியர்வை சாட்சி சொல்லும். நரம்பு அறுந்த விரல் வியர்க்காது. பிளாஸ்டிக் பேனாவை அதன்மேல் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும், மற்ற விரலில் ஒட்டி ஒட்டி நகரும். காயம் ஆறிய பின் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் கையை வைத்துப் பார்க்கலாம். நரம்பற்ற விரல்நுனி சுருங்காது. 1973இல் ஓ'ரியான் எழுதிவைத்த எளிய சோதனை இது.

காயமே இல்லாமல் அல்நார் செயலிழந்த கை வந்தால், முழங்கைக்கு உட்புறம் விரல் வைத்து நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பாதீர்கள். தொழுநோய் நம்மை விட்டுப் போய்விடவில்லை. வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றிப் பொருத்தத் தொடங்கிய மண் இது. அந்த அடிப்படைச் சோதனை இங்கே மறக்கப்படுவது வருத்தம் தருகிறது.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், நரம்பு வளரும் வேகம் அப்படி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. முழங்கையில் அறுந்த அல்நார், உள்ளங்கைத் தசையை எட்ட சுமார் 30 செ.மீ. போக வேண்டும், சீராக வளர்ந்தாலே பத்து மாதம் ஆகும். 12 முதல் 18 மாதத்துக்குள் நரம்பு வந்து சேராத தசை பெரும்பாலும் மீளாது. தையலறையில் தவறவிட்ட மூன்று மாதம் இந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது. 1943இல் செட்டன் நரம்புக் காயத்துக்கு வகுத்த மூன்று நிலைகளில் எது என்பது முதல் நாள் தெரியாமல் போகலாம். ஆனால் வெட்டுக்காயமும் அதற்குக் கீழே உணர்ச்சியின்மையும் சேர்ந்திருந்தால், திறந்து பார்த்து மறுக்கும்வரை நரம்பு அறுந்திருப்பதாகவே கொள்ள வேண்டும். ஈ.எம்.ஜி.க்காகக் காத்திருக்க வேண்டாம். தசை நரம்பிழந்ததற்கான அடையாளங்கள் அதில் தெரியவே மூன்று வாரம் ஆகும்.

மேற்கை எலும்பு முறிவோடு வரும் ரேடியல் வேறு கதை; அவற்றில் பெரும்பாலானவை தானாகவே தேறும். அங்கே தேவை, எலும்பை இழுத்துச் சேர்க்கும் முன்னும் பின்னும் எழுதப்பட்ட இரண்டு தனித்தனிப் பதிவுகள். முன்பதிவு இல்லையென்றால் நரம்பு எப்போது அடிபட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

இயன்முறை மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. முழங்கைக்கு மேல் தைத்த அல்நார் தேறி வரும்போது, மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் மடக்கும் முன்கைத் தசை முதலில் உயிர்பெறும். அதனால் நகம்போல் வளைந்த விரல்கள் இன்னும் அதிகமாக வளையும். நோயாளி பயந்து பயிற்சியை விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். இப்படி ஆகும் என்பதை முன்கூட்டியே அவருக்கும் வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். ஒவ்வொரு முறையும் விரல் பக்கமிருந்து மேல்நோக்கித் தட்டிக்கொண்டே வந்து, எங்கே மின்னுகிறது என்று நோயாளி சொல்கிறாரோ, அந்த இடம் முழங்கை உட்புற எலும்பு முனையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். இந்த மின்னலை "டினெல் உண்டு" என்று மட்டும் எழுதினால், அடுத்த மாதம் பார்ப்பவருக்கு ஒப்பிட எதுவுமே இருக்காது.