இறங்கித் தள்ளச் சொல்லும் நகரம்

போன மாதம் என் கவுண்ட்டருக்கு ஒரு அம்மா வந்தார். கையில் கேரி பேக். அதற்குள் எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ். புருஷனுக்குத் துப்புரவு வேலை, ஒப்பந்தக் கூலி. விடியற்காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவரை, இடப்பக்கம் திரும்பிய லாரி அடித்துவிட்டது. வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்த விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம் வரும். "எங்க சார் கைநாட்டு வைக்கணும்?" என்றார். காட்டினேன். முத்திரை குத்தினேன்.

எஃப்.ஐ.ஆரில் வழக்கமான வாசகம்தான்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்.' லாரி ஓட்டினவனும் யாரோ ஒரு கூலிக்காரன்தான். வேகம் குறையாமல் வளைந்து போகிற மாதிரி அந்த முக்கை அகலமாகச் செதுக்கி, 'ஃப்ரீ லெஃப்ட்' என்று பலகை நட்ட எஞ்சினியர்மீது எந்த ஸ்டேஷனில் வழக்குப் போடுவது?

எங்கள் அப்பா ஊர்த்தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்குவார். அந்தக் கடைசி வீடு தாண்டும்வரை தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். நம்மில் பலர் வீட்டில் இந்தக் கதை உண்டு. 2001-02இல் தமிழக அரசு இலவச சைக்கிளை முதலில் கொடுத்தது பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்த தலித், பழங்குடிப் பெண்பிள்ளைகளுக்குத்தான். எங்க அக்காவுக்கும் கிடைத்தது. சைக்கிளைக் கொடுத்தார்கள், பாதையைக் கொடுக்கவில்லை. லாரிகளுக்கு நடுவில், மண் ஓரத்தில்தான் அவள் ஓட்டினாள்.

கிராமத்தில் சாதி இறங்கச் சொன்னது. நகரத்தில் சட்டமே சொல்லும். 2008 முதல் கொல்கத்தா போலீஸ் பெரிய சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தது. 2013இல் அந்தப் பட்டியல் 174 சாலைகளாக நீண்டது. பால்காரன், பேப்பர் போடுகிறவன், கூலிக்காரன் எல்லாம் 'போக்குவரத்துக்கு இடைஞ்சல்'. அப்படியானால் போக்குவரத்து என்பது யார்?

சென்னை அப்படியில்லை, இங்கே கொள்கையே இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று 2014இல் மாநகராட்சி எழுதி வைத்தது. அப்புறம் 2019இல் வாடகை சைக்கிள் வந்தது, எடுக்க ஸ்மார்ட்ஃபோன் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டும் பளபள உடுப்புமாக கடற்கரைச் சாலையில் போகிறவரை 'சைக்கிளிஸ்ட்' என்கிறது பத்திரிகை. வாரம் ஆறு நாளும் ஓட்டுகிற செக்யூரிட்டிக்கு அந்தப் பெயர் கிடையாது. (என் மேனேஜர் கேட்கிறார்: "ஏன் சார் இன்னும் சைக்கிள்? ஸ்டாஃப் ரேட்டுல பைக் லோன் போட்டுக்கலாமே!")

பெயிண்ட் கோடு பாதை ஆகாது, தோழர்களே. கோடு போட்ட மறுநாள் அது கார் நிறுத்துமிடம். நின்ற காரின் கதவு திறந்தால் விழுவது நாம்தான். வண்டி ஏறமுடியாத கல்வரம்பு வேண்டும். சுமையோடு ஒருவர் போகும்போது இன்னொருவர் தாண்டிப்போக 2 மீட்டராவது வேண்டும். பஸ் ஸ்டாப் வந்தால் பாதை அதன் பின்னால் சுற்றிப் போகவேண்டும். வடிகால் மூடியின் கம்பி சக்கரத்துக்குக் குறுக்கே இருக்கவேண்டும். நீளவாக்கில் இருந்தால் டயரை விழுங்கிவிடும். இதெல்லாம் செய்தும், சந்திப்பில் பாதையை அம்போவென்று விட்டால் எல்லாம் வீண். சாவு நடப்பது அங்கேதான். முக்கைக் குறுக்கினால் லாரி நின்றுதான் திரும்பும். குறுக்கே போகும் சைக்கிள் பாதையைச் சாலையைவிட உயர்த்திக் கட்டினால், திரும்புகிறவன் கண்ணில் நாம் படுவோம்.

இடம் எங்கே என்பார்கள். உடனே பிளாட்பாரக் கடைக்காரம்மாவைத்தான் கை காட்டுவார்கள். அதற்கு நாம் சம்மதிக்கக்கூடாது. காருக்கு ஓசியில் விட்ட இடத்தை எடு!

'அதெல்லாம் ஹாலந்துக்குச் சரி' என்பது இன்னொரு பல்லவி. 1971இல் அங்கே சாலைகளில் செத்தவர்கள் சுமார் 3300 பேர், அதில் 400க்கு மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெற்றவர்கள் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். பாதை அப்படித்தான் வந்தது.

இதையும் சொல்லவேண்டும்: நகரத்துக்குள் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் தூக்கியெறிந்துவிட்டு எவ்வளவு நல்ல பாதை போட்டாலும், 20 கிலோமீட்டர் மிதித்து எவன் வேலைக்குப் போவான்? குடியிருப்பை விட்டுவிட்டு சைக்கிளை மட்டும் பேசுவது ஏமாற்று.

அந்த அம்மாவுக்குப் பணம் இன்னும் வரவில்லை. முக்கு அப்படியே இருக்கிறது. அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் அதன் அளவோடு மனுக் கொடுக்கப்போகிறோம். மாணவத் தோழர்கள் யாராவது ஞாயிறு விடியற்காலை டேப் எடுத்துக்கொண்டு வாருங்கள்.