உடைந்த குழாயும் ஊரவர் உயிரும்

ஊரில் ஒரு நீர்க்குழாய் உடைகிறது. இரண்டு நாளில் ஒட்டுகிறார்கள். நீர் மீண்டும் வருகிறது. அத்துடன் காரியம் முடிந்ததென்று அதிகாரிகளும் எண்ணுகிறார்கள், மக்களும் எண்ணுகிறார்கள். ஆபத்து மூள்வது பெரும்பாலும் அந்த வேளையிலேதான் என்பதை நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

குழாயினுள் அழுத்தம் நிலைத்திருக்கும்வரை நீர் வெளியே கசியுமேயன்றி அழுக்கு உள்ளே புகுவதில்லை. அழுத்தம் விழுந்ததும் நிலைமை தலைகீழாகிறது. தோண்டிய குழியிலே தேங்கிய சேறும், அயலிலுள்ள மலகூடக் குழியின் கசிவும் உடைப்பினூடாகவும் தளர்ந்த ஒட்டுக்களினூடாகவும் உள்ளே இழுக்கப்படுகின்றன. பளிங்குபோல் தெளிந்த நீரிலும் கொடிய கிருமிகள் இருக்கக்கூடும்.

இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே கபூல் என்றொரு சிற்றூர். சனத்தொகை ஏறத்தாழ 2,000. அவ்வூர் நீருக்குக் குளோரீன் இடும் வழக்கமிருக்கவில்லை. 1989ஆம் ஆண்டின் கடைசியில் அங்கே இரு பெருங்குழாய்கள் உடைந்தன. நீர்மானிகள் பலவும் மாற்றப்பட்டன. அதனையடுத்து 243 பேர் நோயுற்றனர், நால்வர் மாண்டனர். நீரைக் கொதிக்கவைக்கும்படி கட்டளையிட்டுக் குளோரீனும் இட்டபின்னரே நோய் விரைந்து தணிந்தது. செல்வம் மிகுந்த நாட்டிலேயே ஒரு சிற்றூருக்கு இக்கதி நேர்ந்ததாயின், எமது கிராமங்கள் வாழாவிருக்கலாமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணக்கல். அதனூடே கழிவு நீர் எளிதில் கிணற்றை அடைந்துவிடும். ஆகையால், குழாய் நின்றதும் நெடுநாள் இறைக்காத கிணற்றுக்கு ஓடுவதும் பாதுகாப்பாகாது. அந்நீரையும் கொதிக்கவைத்தே அருந்த வேண்டும்.

நாம் கேட்பவை நான்கு. முதலாவது, குழியில் நிற்கும் நீரைக் குழாய் மட்டத்திற்குக் கீழே இறைத்துவிட்டே வேலை செய்தல் வேண்டும். புதுக் குழாயையும் ஒட்டுக்களையும் குளோரீன் கரைசலால் துடைத்து, நீரை வேகமாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும். இரண்டாவது, வீட்டுக் குழாயிலே எஞ்சியிருக்கும் குளோரீன் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமிற் குறையாதிருத்தல் வேண்டும். மூன்றாவது, அன்றைய தினமே வீடு வீடாகவும், ஒலிபெருக்கி மூலமும், கோவில், தேவாலயம், பள்ளிவாசல், பாடசாலை எங்கணும் எச்சரிக்கை விடுத்தல் வேண்டும். நான்காவது, 100 மில்லிலீற்றர் நீரில் ஈ. கோலி கிருமி அறவே இல்லையென்று அடுத்தடுத்த இரு பரிசோதனைகள் காட்டிய பின்னரே எச்சரிக்கையை நீக்க வேண்டும்.

எச்சரிக்கை எம்மொழியில் என்பதும் உயிர்ப் பிரச்சினையே. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். தமிழ்க் கிராமத்து மக்களுக்கு விளங்காத அறிவித்தல் அறிவித்தலே அன்று.

“பீதி கிளம்பிவிடும்” என்று சிலர் தயங்குவர். பீதி இரண்டு நாளில் அடங்கும். உண்மையை மறைத்ததனால் இழந்த நம்பிக்கையோ இலகுவில் மீளாது. “பணமில்லை” என்பர் வேறு சிலர். சிறிது குளோரீன் தூளும், ஒரு ஒலிபெருக்கியும், பொறுப்புணர்ந்த ஒருவருமே முதல் நாளின் தேவைகள். மருத்துவமனைச் செலவோடு ஒப்பிட்டால் இவை எம்மாத்திரம்?

கமக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிருக்கு மருந்து கலக்கும் பீப்பாவுக்குள் குழாயின் நுனியை அமிழ்த்தி வைக்கும் வழக்கத்தை விட்டொழியுங்கள். அழுத்தம் விழுந்தால் அந்த நஞ்சு ஊரார் குடிநீருக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு நீங்காது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரத்தைப் பேணும் பொறுப்பை எமது சபைகளிடம் ஒப்படைத்திருக்கிறது. ஒவ்வொரு சபையும் குழாய் உடையுமுன்னரே, யார் குழாயை அடைப்பது, யார் மக்களுக்கு அறிவிப்பது, யார் நீரைப் பரிசோதிப்பது என்று எழுதி மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். எழுதாத சபையை அடுத்த கூட்டத்திலேயே மக்கள் கேள்வி கேட்கட்டும். நல்ல நீர் சலுகையன்று. அது எமது உரிமை.