மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆய்வகம்

எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் பக்கத்துக் கல்லூரிக்கும் நடுவே ஒரு மதில்தான். பதினோரு வருஷமாக இங்கே வேதியியல் நடத்துகிறேன். பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப்போனது ஒரே தடவை, அரசின் 'நான் முதல்வன்' திட்டக் களப்பயணத்தின்போது.

பாதி நேரம் வரவேற்புரையில் போய்விட்டது. அப்புறம்தான் ஆய்வகம். எங்கள் பள்ளியில் ஆறு பேருக்கு ஒரு பியூரெட், அங்கே ஆளுக்கொன்று. பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகைத் திருப்பி, பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குடுவையில் வெளிர் இளஞ்சிவப்பு கலையாமல் நின்றது; அதுதான் முடிவுநிலை. "சார், நானே கொண்டுவந்துட்டேன்!" என்றாள். அந்த முகத்தை நான் வகுப்பறையில் பார்த்ததில்லை.

பொறியியல் படிப்பிலும் 2021 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் இடம் வாங்கிப் போனவர்கள் முதல் செமஸ்டரில் ஆய்வகத்தில் கை நடுங்கியதை என்னிடமே வந்து சொல்கிறார்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு. கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதில் வாரம் இரண்டு மணி நேரத்தைப் பக்கத்துப் பள்ளிக்குத் தரட்டும். முகாமில் எங்கள் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், நன்றி. ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து மோல் கணக்கைப் புரியவைத்தால் அது இன்னும் பெரிய உதவி. சொல்லிக்கொடுக்கிறவருக்கும் பாடம் உறைக்கும்.

பள்ளி திறந்ததும் கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போகிறேன். புதன்கிழமை மதியம் அந்த ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது. எங்கள் மாடி வராந்தாவில் நின்றாலே தெரியும்.