பையிலே முளைத்த இராசவள்ளி



மாசி, பங்குனி மாதங்களில் கிராமங்களுக்குப் போகும்போது பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பிள்ளை, நடுகைக்கு வைச்ச இராசவள்ளிக் கிழங்கு பைக்குள்ளேயே முளைச்சுப் போச்சு. இனி எறியிறதோ, அவிக்கிறதோ?” இரண்டும் வேண்டாம், நடுங்கள் என்பதே என் பதில்.

எங்கள் பக்கம் இராசவள்ளியைச் சித்திரை, வைகாசியில் நட்டு, மார்கழி, தையில் கிண்டுவது வழக்கம். கிண்டிய கிழங்கு சில மாதங்கள் உறங்கும். பிறகு தண்ணீர் ஊற்றாவிட்டாலும், மண்ணே படாவிட்டாலும் தானாக முளை விடும். முளை வளர்வதற்கான உணவு கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. எனவே பைக்குள் முளைத்தது ஒருவருடைய கவனக்குறைவும் அல்ல, கெட்ட சகுனமும் அல்ல.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, முகாமிலும் உறவினர் காணிகளிலும் காலம் தள்ளி, 2017 இல் மீளக்குடியேறிய ஓர் அக்காவுக்கு வாழ்வாதார உதவியாகப் பத்துக் கிழங்குகள் கிடைத்தன. பொலித்தீன் பையில் இறுகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வேலி அடைத்து முடிப்பதற்குள் முளைகள் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக வளர்ந்துவிட்டன. “குடுத்ததையும் பாழாக்கிப் போட்டாள்” என்று அயலில் பேச்சு வந்தது. கணவர் இல்லாத வீடென்றால் இப்படியான பேச்சு இன்னும் சுலபமாக வரும். அவர் வெட்கப்பட்டு, கிழங்குகளை அவித்து முடித்துவிட நினைத்திருந்தார். பையைப் பிரித்துப் பார்த்தோம். இரண்டு மட்டுமே அழுகியிருந்தன. எட்டை நட்டார். தையில் பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டு இராசவள்ளிக் கஞ்சி காய்ச்சியதோடு, அடுத்த நடுகைக்கும் எடுத்து வைத்தார். அன்று அவித்திருந்தால் அது ஒரு நாள் சாப்பாட்டோடு முடிந்திருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை இவைதான்.

முதலில் பையைத் திறந்து கிழங்குகளை நிழலில், காற்றுப்படும் இடத்தில் பரப்புங்கள். பொலித்தீனுக்குள் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அழுகல் பரவும். மெதுமெதுப்பாகவும் நாற்றமாகவும் இருப்பதை உடனே விலக்குங்கள்.

முளையைக் கிள்ளாதீர்கள். தவறி முறிந்தால் பயப்படவும் வேண்டாம். இன்னொரு முளை வரும். ஆனால் சில கிழமைகள் பிந்தும், கிழங்கின் பலமும் குறையும். பெரிய கிழங்கானால் முளை உள்ள தலைப்பகுதியைத் தனியாக வெட்டி எடுங்கள். மிச்சத்தைத் தோலுடன் கால் கிலோ அளவான துண்டுகளாக வெட்டலாம். தோல் இருந்தால் அவையும் பிந்தி முளைக்கும். வெட்டிய பக்கத்தில் அடுப்புச் சாம்பல் பூசி, ஒரு நாள் நிழலில் உலர விடுங்கள்.

ஒன்றரை அடி ஆழக் கிடங்கு வெட்டி, உக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். கிடங்குக்குக் கிடங்கு மூன்றடி இடைவெளி விடுங்கள். முளை மேலே பார்க்கும்படி வைத்து, கிழங்கை இரண்டு அங்குல மண்ணால் மூடுங்கள். இருட்டில் வளர்ந்த வெள்ளை முளை எங்கள் பங்குனி வெயிலைத் தாங்காது. ஒரு கிழமைக்காவது கிடுகாலோ பனையோலையாலோ நிழல் கொடுங்கள். அடியில் சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். தண்ணீர் தேங்க விடாதீர்கள். கொடி நீண்டதும் வேலிக் கதியாலில் ஏற்றிவிடலாம்.

காணி இன்னும் துப்புரவாகவில்லையா? பழைய உரப்பையில் துளையிட்டு, எருவும் மண்ணும் நிரப்பி, முளைத்த கிழங்கை அதில் நட்டுக் கிணற்றடி நிழலில் வையுங்கள். காணி தயாரானதும் மண் உதிராமல் கிடங்கில் இறக்கலாம். முந்தி நட்டதால் முந்திக் கிழங்கு வரும் என்று எண்ணி அவசரப்பட்டுக் கிண்டாதீர்கள். இலை மஞ்சளாகிக் கொடி காயும் வரை பொறுத்திருங்கள்.

இன்னொரு முக்கிய விடயம். மீளக்குடியேறிய காணியில், கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதியான இடத்தில் மட்டும் கிடங்கு வெட்டுங்கள். சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், பிள்ளைகளையும் கிட்ட விடாமல், 119 க்கு அறிவியுங்கள்.

உருளைக்கிழங்குக்கும் இந்த வழி பொருந்துமா என்று சிலர் கேட்கிறார்கள். முளைத்த விதை உருளைக்கிழங்கை நடலாம். ஆனால் எங்கள் பக்கம் அது மாரிப் பயிர். பங்குனி வெக்கை அதற்கு ஒத்துவராது. பச்சை நிறமாகி முளைத்த உருளைக்கிழங்கைச் சமைக்க வேண்டாம். அதில் நஞ்சுத்தன்மை உண்டு.

உதவி கொடுக்க வருபவர்களிடமும் நாங்கள் வாய்திறந்து கேட்க வேண்டும். விதைக்கிழங்கை நடுகைக் காலத்தோடு தாருங்கள், பொலித்தீனில் கட்டாமல் சாக்கிலோ கடகத்திலோ தாருங்கள் என்று மாதர் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். அது குறை சொல்வதல்ல. நடப்போகிறவர்கள் நாங்கள், அதனால் சொல்லும் உரிமையும் எங்களுக்கு உண்டு.

இன்றைக்கே உங்கள் வீட்டு மூலையில் கட்டி வைத்திருக்கும் பையை ஒருதரம் திறந்து பாருங்கள்.