வாவிக்கு வரும் சீனா

மட்டக்களப்பில் கல்லடிப் புதிய பாலம் யப்பான் உதவியில் வந்தது. மண்முனைப் பாலமும் அப்படியே. போருக்குப் பின் எழுந்த வீடுகள் பல இந்தியா தந்தவை. இங்கே சீனாவைக் காண வேண்டுமென்றால் காலையில் ஒரு பாடசாலை வாசலில் நின்றால் போதும். இலங்கையின் பாடசாலைச் சீருடைத் துணியில் 2023இல் 70 வீதத்தைச் சீனா நன்கொடையாகத் தந்தது. 2025இல் முழுவதையும் தந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் பாடசாலை மதிய உணவுக்கென்று 10,000 தொன் அரிசி கொடுத்தது. புத்தகப் பை வாங்கவே திணறிய வீடுகளுக்கு இவை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் டீசலைப் பாருங்கள். 2022 இறுதியில் விவசாயிகளுக்கும் கடற்றொழிலாளருக்கும் என்று சீனாவிலிருந்து ஒரு கோடி லீற்றருக்கு மேல் வந்தது. படுவான்கரை வயலில் அறுவடை இயந்திரம் ஓட அது உதவும். வாழைச்சேனைத் துறைமுகத்து ஆழ்கடல் படகுக்கும் உதவும். மட்டக்களப்பு வாவியில் தோணி வலித்து வீச்சுவலை எறிகிறவருக்கு அதனால் என்ன பயன்? கரையோரச் சிறு படகுகளின் இயந்திரத்துக்கு வேண்டியது மண்ணெண்ணெய். அந்த நாட்களில் அதற்குத்தான் கான்களோடு வரிசையில் நின்றார்கள். உங்களுக்கு என்ன தேவை என்று வாவிக்கரையில் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

பீஜிங் பேசுவது கொழும்போடு. கிழக்கின் சார்பில் பேச வேண்டிய மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. இந்த வெற்றிடத்தைத்தான் நான் சீனாவின் வருகையை விடப் பெரிய ஆபத்தாகக் காண்கிறேன். 2021இல் வடக்கே பூநகரி கௌதாரிமுனையில் சீனர்களின் கடலட்டைப் பண்ணை வந்தபோது உள்ளூர்க் கடற்றொழிலாளர் எதிர்த்தார்கள். தம் கடலில் நடப்பது தமக்கே தெரியாமல் நடக்கிறது என்பதே அவர்களின் கோபம். அதே ஆண்டு கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு அமைந்த நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம் மூன்றும் இருந்தன. தமிழ் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே பலகை அகற்றப்பட்டது. இத்தனைக்கும் 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் சீனத் தளபதி செங் ஹேயின் காலிக் கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் செதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கையைச் சொல்கிறது. இந்தத் தீவோடு உறவாட வந்தால் தமிழும் வேண்டும் என்று அன்றைய அந்தத் தளபதிக்குத் தெரிந்திருந்தது.

வாவியின் நண்டுக்கும் இறாலுக்கும் ஆசியச் சந்தையில் கிராக்கி உண்டு. நண்டை உயிரோடு கட்டிக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். பிடித்தவர் கையில் கிடைப்பது முதல் வியாபாரி சொல்கிற விலை. நாளை ஒரு சீன நிறுவனம் பண்ணைக்கோ கொள்வனவுக்கோ வந்தால், கையெழுத்துக்கு முன்பே அந்த ஒப்பந்தம் தமிழில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் மேசைக்கு வர வேண்டும். எந்த இடத்தில் பண்ணை, கண்டலை வெட்டுவார்களா, கழிவுநீர் எங்கே போகும், கிலோவுக்கு என்ன விலை, யாருக்கு வேலை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்தியாவும் 2025 ஏப்ரலில் கிழக்கு மாகாணத்துக்கென்றே ஒரு நிதியுதவி உடன்படிக்கை செய்திருக்கிறது. அதற்கும் இதே கேள்விகள்தான். மாகாண சபைத் தேர்தலை இனியும் தள்ளிப்போட்டால், இவற்றைக் கேட்கும் அதிகாரம் உள்ளவர் எவரும் மட்டக்களப்பில் இருக்கமாட்டார்.