இரு வினாத்தாள்கள், ஒரே வெட்டுப்புள்ளி

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகும்போது, தன்னாமுனையிலுள்ள தமிழ் மாணவியும் ஏறாவூரிலுள்ள முஸ்லிம் மாணவனும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குரிய ஒரே பட்டியலிலேயே தமது இடத்தைத் தேடுகின்றனர். நான்கு தசம தானங்கள் வரை கணிக்கப்படும் இசெட் புள்ளியின் கடைசித் தானமும் ஒருவரது மருத்துவக் கனவைக் கலைத்துவிடக் கூடும். அந்த எண் எதனை அளக்கின்றது?

ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறுவதே இசெட் புள்ளியாகும். சராசரி 50, நியம விலகல் 10 எனின், 60 பெற்றவருக்கு 1 கிடைக்கும். ஆக, உடன் தோற்றியோர் மத்தியில் ஒருவர் நிற்கும் இடத்தையே அது காட்டுகின்றது. உடன் தோற்றியோர் மாறினால் எண்ணும் மாறும்.

2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் இச்சிக்கல் பூதாகரமாக வெளிப்பட்டது. முதற்தடவை தோற்றியோருக்குப் புதிய பாடத்திட்டம். மீண்டும் தோற்றியோருக்குப் பழையது. இரு சாராரையும் ஒன்றாகக் கலந்து இசெட் புள்ளி கணிக்கப்பட்டது. 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அதனை இரத்துச் செய்து, இரு சாராரையும் வெவ்வேறு தொகுதிகளாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு உத்தரவிட்டது.

கலந்து கணித்தது தவறே. ஆனால் பிரித்துக் கணிப்பதிலும் ஓர் ஊகம் ஒளிந்திருக்கின்றது: இரு சாராரும் திறமையில் சமமானவர்கள் என்பதே அது. மீண்டும் தோற்றுவோர் மேலதிகமாக ஓராண்டு படித்தவர்கள். அவர்களில் மிகச் சிறந்தோர் பலர் முன்னரே பல்கலைக்கழகம் சென்றுவிட்டவர்கள். இவ்விரண்டில் எதன் தாக்கம் அதிகம் என்பதை இசெட் புள்ளி சொல்லாது. 1970களின் ஆரம்பத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தலும் இதே ஊகத்தின் மீதே நின்றது என்பதைத் தமிழ் பேசும் மக்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

வேறு நாடுகளில் இரு வினாத்தாள்களிலும் பொது வினாக்கள் சிலவற்றைச் சேர்த்து, அவற்றுக்கான விடைகளைக் கொண்டு இரு சாராரையும் ஒப்பிடுகின்றனர். வெவ்வேறு ஆண்டுகளில் நடக்கும் பரீட்சைகளுக்கு இது இங்கு இயலாது. வினாத்தாள் மறுநாளே தனியார் வகுப்புகளில் அலசப்பட்டுவிடும். ஆனால், ஒரே பருவத்தில் இரு பாடத்திட்டங்களுக்கும் பரீட்சை நடத்தும்போது, இரண்டுக்கும் பொதுவான அலகுகளிலிருந்து அத்தகைய வினாக்களைக் கேட்பதில் என்ன தடை?

2019இலும் இரு பாடத்திட்டங்கள் வந்தன. வெட்டுப்புள்ளிகளும் வெவ்வேறாகவே வெளியாகின. அவ்வாறு பிரிக்கும்போது, எந்தச் சாராருக்கு எத்தனை இடங்கள் என்பது கணிதம் தரும் விடையன்று. அதிகாரிகள் எடுக்கும் தீர்மானமாகும். அடுத்த பாடத்திட்ட மாற்றத்தின்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தத் தீர்மானத்தைப் பரீட்சைக்கு முன்னரே, மும்மொழிகளிலும் பகிரங்கப்படுத்த வேண்டும்.